சாருக்கு இடமில்லை

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் தலை வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நாற்பது பேர். நாயும் பூனையுமாக. அவர்கள் நலம், நான் சுமார். அங்கே நீங்களும், உங்கள் முழங்காலும், அத்தானும், சாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் "இடம்..." என்று ஆரம்பித்ததுமே, "இருக்குன்னா மேலே பேசு, இல்லேன்னா வை" என்று நீங்களே வைத்துவிட்டீர்கள். கடிதத்தையும் நீங்கள் பாதியில் வைக்கலாம். பரவாயில்லை. நான் எழுதி முடித்திருப்பேன்.

நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். வீட்டைக் காலி செய்கிறீர்கள். இனி அத்தானோடு இருக்கப்போகிறீர்கள். அத்தான் இருக்கும் அடுக்குமாடியில் நாய் கூடாது. "வயசாயிடுச்சும்மா, காதும் கேக்கலை, ஒரு ஊசியோட நிம்மதியா போயிடட்டும்" என்று அத்தான் முடிவு பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்கே வருகிறார். அதற்குள் நான் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். "நீ அங்கதானேடி நாயோடயும் பூனையோடயும் குடித்தனம் நடத்தறே? படிச்ச படிப்புக்கு இதையாவது உருப்படியா பண்ணு. நான் அழமாட்டேன். அழுதா சாருக்குப் பிடிக்காது." அதற்குப் பிறகு போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீங்கள் அழவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் காப்பகத்தின் வாசலில், 'இங்கே எந்த உயிரும் கொல்லப்படுவதில்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எந்த உயிரையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஊரே நினைக்கிறது. நேர் எதிர். கொல்லாததால்தான் இடமில்லை. வேறு சில இடங்களில் இடம் பண்ணிக்கொள்கிறார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், அத்தானைக் கேளுங்கள். நாங்கள் பண்ணுவதில்லை. யாராவது வந்து ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனால்தான் இன்னொன்று உள்ளே வரலாம். வருகிறவர்களோ வெள்ளையாக, குட்டியாக, முடி கொட்டாததாகக் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பதி, எடுத்துப்போன நாயைத் திருப்பிக் கொண்டுவந்து நின்றார்கள். என்ன குறை என்றால், "குரைக்குதுங்க." அப்போது அங்கே இருந்தது தையலக்கா. "பேசும்னு நினைச்சு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டு நாயை வாங்கிக்கொண்டார்.

இடம் என்று நான் சொல்வது ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு. மரத்தூள் வாசனை இன்னும் போகவில்லை, அதன் மேல் மற்ற வாசனைகள். கிடங்குக்காரர் பக்கத்துச் சுவரை ஒட்டிக் குடியிருக்கிறார். இரண்டு நிபந்தனையோடு கொடுத்தார். ஒன்று, கூண்டுகளிலும் பூனை அறையிலும் சேர்த்து நாற்பது உயிருக்கு மேல் கூடாது. அவ்வப்போது வந்து விரலை நீட்டி நீட்டி எண்ணுவார். முன்னறையில் துடைப்பமும் கையுமாக நிற்கும் எங்களை எண்ணமாட்டார். இரண்டாவது, ராத்திரிக் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். முதல் நிபந்தனையை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம். இரண்டாவதற்கு ஆளே கிடைக்கவில்லை. யார் யாருக்கு எப்போது வேலை என்று எழுதிய போர்டில் 'இரவு' என்ற கட்டம் மட்டும் நான் சேர்ந்த நாளிலிருந்து காலி.

யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், சம்பளம் கொடுக்காத ஆளை வேலையைவிட்டு நீக்க முடியாது. காலையில் தையலக்கா, தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். மதியம் கணக்கு டியூஷன் வாத்தியார். மாலையில் பல் டாக்டர். வாரக் கடைசியில் நான். ஒரு ஷிப்டுக்காரர் இன்னொரு ஷிப்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வாட்ஸப் குழுவில் சண்டை போட்டுக்கொள்வதோடு சரி. எங்களுக்குத் தலைவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். வாழ்நாள் முழுவதும் 'இடமில்லை' என்று சொல்லியே பழகியவர். அந்தச் சொல்லை இவ்வளவு மரியாதையோடு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாமே தீர்மானத்தின்படிதான் நடக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். குழுவில் ஒருமுறை நிறைவேறிவிட்டால் அதை மாற்ற வேண்டுமானால் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். கூடுவதில்லை. 'பூனை அறைக்குள் நாய்கள் செருப்புடன் வரக் கூடாது' என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. நாய்களும் கூடாது, செருப்பும் கூடாது என்று சொல்ல வந்தது; 'நாய்கள்' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்திருக்க வேண்டும். இல்லை. அதனால் அது அப்படியே அமலில் இருக்கிறது. இதுவரை செருப்புப் போட்ட நாய் எதுவும் உள்ளே வரவில்லை.

மனிதர்களிடமிருந்து கொஞ்ச காலம் தள்ளியிருக்கலாம் என்றுதான் அத்தை நான் இங்கே சேர்ந்தேன்.

சரி. சார். நீங்கள் போன் செய்த அன்றே குழுவில் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? 'அத்தை வீடு மாறிப் போகிறார். சாரை இனி வைத்துக்கொள்ள முடியாத நிலை. நம்மிடம் சேர்த்துக்கொள்ளலாமா? வயதானவர். சாது. காது மட்டும் கேட்காது.' உங்கள் மடியில் வளர்ந்த வாய். மாமா இருந்த காலத்தில் ஆபீசிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, "சரி சார், ஆமா சார், உடனே சார்" என்பார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அந்தக் குட்டி ஒவ்வொரு 'சாரு'க்கும் ஓடி வரும். அதிலிருந்து அது சார் ஆயிற்று. இந்தக் கதை நம் வீட்டுக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. என்னை நீங்கள் 'வாடி, போடி' என்கிறீர்கள், அதை 'வந்தார், போனார்' என்கிறீர்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

பதில்கள் கொட்டின. தாராளமாக வரச்சொல்லுங்க. ஆள் இல்லாமல் திண்டாடுகிறோம். பெரியவர் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுதானே. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 'ஆள் இல்லாமல்' என்பதை நான் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்கள் சொற்களைச் சரியாகப் படிப்பதில்லை. வாத்தியார், "சாருக்குப் பேப்பர் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். காப்பகத்தில் பேப்பர் பழக்கம் என்றால், விரித்த செய்தித்தாளில் மட்டும் அசுத்தம் செய்கிற நல்ல பழக்கம். "சின்ன வயசிலிருந்தே" என்றேன். "நல்லது, நாட்டு நடப்பு பேச ஒருத்தர் ஆச்சு" என்றார். அதற்கும் நான் சிரித்து வைத்தேன். தையலக்கா, "இடுப்பளவு சொல்லு, ஏப்ரன் தைக்கணும்" என்றார். எங்கள் எல்லோருக்கும் நீல நிறத்தில் ஏப்ரன் தைத்துக் கொடுப்பது அவர்தான். நாய்களுக்கும் அவ்வப்போது குளிருக்குச் சட்டை தைப்பார் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. "இருபது அங்குலம் இருக்கும்" என்றேன். "அடப்பாவமே. உங்க அத்தை அவருக்குச் சோறே போடறதில்லையா?" பல் டாக்டர் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். அவர் நாகரிகமானவர். "தப்பா நினைக்காதீங்க, இந்த சார் உங்க அத்தைக்கு என்ன முறை?" நான் எழுதினேன்: "முறையெல்லாம் ஒண்ணுமில்லை. பதிமூணு வருஷமா கூடவே இருக்கார்." பதிலுக்கு, "ஓ." அவ்வளவுதான். அந்த 'ஓ'வில் உங்கள் மானம் போய்விட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. மன்னியுங்கள்.

பரிசோதகர் அறிவித்தார்: 'சாரைச் சேர்த்துக்கொள்ளும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாருக்கு இரவு ஷிப்டு.' இரவில் கொண்டுவந்து கூண்டில் விட வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். நன்றி சொல்லிவிட்டு, மரியாதைக்காக சாரின் படம் ஒன்றையும் போட்டேன். நீங்கள் அனுப்பியதுதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, மாமாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அது.

பிறகு வாத்தியார், "இதுல சார் எங்கே இருக்கார்? நாய்க்குப் பின்னாலயா?" என்று கேட்டார்.

அப்புறம் பரிசோதகரின் செய்தி. 'மன்னிக்கவும் அம்மா. இடமில்லை.'

பாருங்கள் அத்தை. காது கேட்காத, வேலை வெட்டி இல்லாத, இன்னொருவர் வீட்டில் பதிமூன்று வருடம் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு முன்பின் தெரியாத ஆண்பிள்ளைக்கு இங்கே கண்ணை மூடிக்கொண்டு இடம் உண்டு. அதே ஆள் நாலு காலில் வந்தால் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமும் முடிந்திருக்கும். நேற்று தடுப்பூசி நாள். எல்லா ஷிப்டுக்காரர்களும் ஒன்றாக வந்தார்கள், நான் பார்த்து முதல் முறையாக. நாய்களுக்குப் போட்டு முடித்துப் பூனை அறைக்கு வந்தோம். பூனைகளுக்குக் கூண்டு கிடையாது. அலமாரி மேலே, பீரோ அடியே என்று அவரவர் இஷ்டம். சுவரில் ஆணி அடித்து ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பெயர் அட்டை மாட்டியிருக்கிறோம். அட்டையை எண்ணினால் பூனைக் கணக்கு. கிடங்குக்காரர்கூட அந்த அறையில் அட்டையைத்தான் எண்ணுவார், பூனை முடி அவருக்கு ஆகாது. தையலக்கா 'மச்சம்' என்ற பூனையைத் தலையோடு துண்டில் சுற்றிப் பிடித்துக் கொடுத்தார், மூக்கருகே கறுப்புப் புள்ளி உள்ளது. ஊசி போட்டாயிற்று. அடுத்து வாத்தியார் தன்னுடைய 'ரவுண்டு' என்ற பூனையைத் தேடினார். காணோம். பல் டாக்டர் 'மேடம்' என்ற பூனையைத் தேடினார். அதையும் காணோம். நான் பெயர் வைத்த பூனை ஒன்று உண்டு. அதன் பெயர் இன்மை. பெயர் வைத்தபோது எனக்கு அது ஆழமாகப் பட்டது.

பீரோவை நகர்த்தினோம். அலமாரியைக் குடைந்தோம். வாத்தியார் குனிந்து ஒவ்வொரு மூலையாக, "ரவுண்டு, ரவுண்டு" என்கிறார். நான் வாசலுக்கு ஓடி, "இன்மையைக் காணோம்! இன்மையைக் காணோம்!" என்று கத்துகிறேன். ஊசி போட வந்த டாக்டர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"அது என்னம்மா பேரு?"

"இல்லாம இருக்கறதுன்னு அர்த்தம் டாக்டர்."

"அப்போ இல்லாம இருக்கறதுல என்ன தப்பு?"

"யாரு கதவைத் தொறந்து போட்டது?" என்று தையலக்கா மாலை ஷிப்டைப் பார்க்க, "காலையில வர்றவங்க பூட்டினாதானே?" என்று பல் டாக்டர் சொல்ல, "மூணும் ஒண்ணா ஓடியிருக்குன்னா யாரோ திட்டம் போட்டுப் பண்ணியிருக்காங்க" என்று வாத்தியார் கணக்குப் போட ஆரம்பித்தார். கடைசியில் பல் டாக்டர்தான் உணவு டப்பாவைத் தட்டி, "மேடம்" என்று கொஞ்சலாகக் கூப்பிட்டார். மேசைக்கு அடியிலிருந்து, ஊசி போட்ட இடத்தை நக்கிக்கொண்டு, மச்சம் வந்தது. "மேடம்!" என்று பல் டாக்டர் கையை நீட்டினார். "இதானே ரவுண்டு!" என்றார் வாத்தியார். நான் குனிந்து மூக்கைப் பார்த்தேன். அது இன்மைதான்.

ஒரே பூனை. வேளைக்கு ஒரு பெயர். ஒவ்வொரு ஷிப்டுக்காரரும், 'அட, இதுக்கு இன்னும் யாரும் அட்டை மாட்டலையே' என்று தனக்குத் தோன்றிய பெயரை எழுதி மாட்டியிருக்கிறோம். காலையில் மச்சமாகச் சாப்பிட்டு, மதியம் ரவுண்டாகச் சாப்பிட்டு, மாலையில் மேடமாகச் சாப்பிட்டு, வாரக் கடைசியில் இன்மையாகவும் அது சாப்பிட்டிருக்கிறது. ஒருவர் பலராக இருப்பதைப் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவள். "நல்லவேளை, நாலு ஊசி போடலை" என்றார் டாக்டர்.

ஆனால் அத்தை, யோசித்துப் பாருங்கள். நாலு பூனை ஒன்று என்றால், மூன்று இடம் காலி. இந்த முறை தப்பு வரக் கூடாது. 'சார்' என்ற சொல் வரக் கூடாது, 'நாய்' என்று தெளிவாக ஆரம்பிக்க வேண்டும், உங்கள் நிலைமையும் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும், கெஞ்சுவதுபோலவும் இருக்கக் கூடாது. மனதுக்குள் ஒரு நல்ல வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் எழுவாயில் இருக்கும்போதே தையலக்கா முந்திக்கொண்டார். "என் கடையில போட்டுப் பாக்கற திரைக்குப் பின்னாடி ஒரு நாய்க்குட்டியை ஒளிச்சு வெச்சிருக்கேன். வர்றவங்க காலை நக்குது. அதுக்கு ஒண்ணு." பல் டாக்டர், "எக்ஸ்ரே அறையில ஒரு பூனை இருக்குங்க. அதுக்கு ஒண்ணு." வாத்தியார், "என் வகுப்புல ஒரு நாய் கடைசி பெஞ்சுல உக்காந்து கணக்கு கேட்டுட்டிருக்கு. பசங்களைவிட நல்லா கவனிக்குது. இருந்தாலும்..." பரிசோதகர் தலையசைத்தார். "மூணு சீட்டு, மூணு பேர். கதவைச் சாத்துங்க."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. பதற்றத்தில் கட்டி வைத்த வாக்கியம் எல்லாம் பறந்துபோய் ஒரே ஒரு சொல் வந்தது.

"சார்..."

"சொல்லும்மா" என்றார் பரிசோதகர்.

"இல்லை சார், சார்..."

"சொல்லும்மா, கேட்டுட்டுதானே இருக்கேன்?"

"சாருக்கு சார்..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. காப்பி இப்பதான் குடிச்சேன்."

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், இதில் என் தப்பு எங்கே? கடைசியில் ஒருவழியாகப் புரியவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வண்டி நிறைஞ்சுடுச்சேம்மா" என்றார். நான் என் அறைக்கு வந்து படுத்துவிட்டேன். என் அறையில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டுக்காரம்மா என்னையே ஓர் உயிராக ஒப்புக்கொண்டதில்லை. நேற்றுகூட என் துப்பட்டாவை மோந்து பார்த்துவிட்டு, "பூனை வளக்கறியா?" என்று கேட்டார். "ஒண்ணு. நாலுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று உண்மையைச் சொன்னேன். காலி பண்ணச் சொல்லிவிடுவார்போல இருக்கிறது.

ஆக, இடமில்லை. நானும் அங்கிருந்து விலகுகிறேன். ராஜினாமாவைக் குழுவில் போட்டேன். 'ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் வேண்டும், அதுவரை சனிக்கிழமை வரவும்' என்று பதில். சாவியை இன்றே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வரப்போகிறேன். உங்களிடம் இரண்டே வேண்டுகோள். ஒன்று, அந்த டாக்டரை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், நான் வேறு எங்காவது கேட்கிறேன், தெருத் தெருவாகக் கேட்கிறேன். ஊசி வேண்டாம் அத்தை. இரண்டு, இனிமேலாவது அதை நாய் என்று சொல்லிப் பழகுங்கள். நாய். எவ்வளவு சின்னச் சொல். இந்தக் கூத்தெல்லாம் உங்கள் மரியாதையால் வந்தது.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அத்தானுக்கு என் கோபத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் டாக்டருக்கு வழி தவறட்டும். சாருக்கு என் வணக்கம். இல்லை, நாய்க்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் வசவுக்குரிய,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுக்கப் போனேன். முன்னறையில் பரிசோதகரோடு கிடங்குக்காரர் நின்றுகொண்டிருந்தார். உயிர்களை எண்ண வந்தவர், போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். 'இரவு' என்ற கட்டத்தில், பரிசோதகரின் கையெழுத்தில், 'சார்' என்று எழுதியிருந்தது. அழிக்க வேண்டுமானால் எல்லோரும் கூட வேண்டும். நேற்று கூடினோம். பூனை தேடிய அவசரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

"ராத்திரிக்கு ஆள் போட்டாச்சா? யாரு இந்த சார்?" என்றார் கிடங்குக்காரர்.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஒருவரைக்கூட வாழ்நாளில் சும்மா விடாத மனிதர், அத்தை.

"அனுபவசாலிங்க. ஞாயித்துக்கிழமை சேர்றார்."

"யாராச்சும் உள்ளே வந்தா சத்தம் போடுவாரா?"

"போடுவார். அதுல ஒண்ணும் குறை இருக்காது."

"அது போதும்" என்று அவர் உள்ளே எண்ணப் போய்விட்டார். நான் மெதுவாக, "சாருக்குக் காது கேட்காது சார்" என்றேன். "அதனாலதான் இந்தச் சத்தத்துல ராத்திரி பூரா இங்க இருக்க முடியும். வேற யாரால முடியும்?" என்றார். "கூண்டு இல்லையே?" என்றேன். "பயணிக்குத்தாம்மா சீட்டு வேணும். வேலை பாக்கறவனுக்கு எதுக்கு? நான் வாழ்நாள் பூரா நின்னுட்டேதான் போனேன்." நாற்பது உயிர்க் கணக்கில் நம் சார் வரமாட்டார், எங்களைப் போல முன்னறையில் இருப்பார். பிறகு கிடங்குக்காரர் பார்த்துவிட்டால்? "பாக்கட்டும். வேலையைவிட்டு நீக்கச் சொல்லட்டும். தீர்மானம் வேணுமே."

இதை உடனே உங்களுக்குப் போனில் சொல்லப் பார்த்தேன். "இடம் இல்லை, ஆனால்..." என்று ஆரம்பித்தேன். வைத்துவிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருவதற்கு முன்னால் சாரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மாமாவின் கம்பளியையும் எடுத்து வாருங்கள், முன்னறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. ஏப்ரன் இருபது அங்குலத்தில் ஏற்கெனவே தைத்தாகிவிட்டது. கழுத்தளவு மட்டும் வேண்டுமாம்.

இன்னொன்று. வழியில், வாசலில், யார் கேட்டாலும், நாய் என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்லிவிடாதீர்கள். எப்போதும்போல் சார் என்றே சொல்லுங்கள்.